நாற்பத்தைந்து விநாடி, பத்து நிமிடம்

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஸ்லோ மோஷன் கேட்காத வீட்டுக்காரர்கள் கிடையாது. சாதாரண வேகத்தில் எடுத்ததையே கம்ப்யூட்டரில் இழுத்துக் கொடுப்போம். உற்றுப் பார்த்தால் பிசிறடிக்கும். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, பிழைப்பு ஓடுகிறது.

அமெரிக்காவின் பில் வயோலா (1951–2024) உற்றுப் பார்க்க வைக்கவே ஸ்லோ மோஷனைப் பயன்படுத்தியவர். அவர் செய்ததை வீடியோ கலை என்பார்கள். பெரிதாகக் கதை, வசனம் இருக்காது. மியூசியத்தின் இருட்டறையிலோ மாதா கோயிலிலோ படம் ஓடிக்கொண்டிருக்கும், நின்று பார்க்க வேண்டியதுதான். 1995-ல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர் வைத்த 'தி கிரீட்டிங்'கில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தி வந்து, அவர்களில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான் சம்பவம். எடுத்தது 45 விநாடி, ஓடுவது சுமார் பத்து நிமிடம். 35 எம்.எம். ஃபிலிமில் விநாடிக்கு 300 ஃபிரேம் எடுத்திருக்கிறார். சினிமாவின் 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒரு விநாடி பன்னிரண்டரை விநாடியாகிவிடும். இழுத்து நிரப்பியது ஒன்றுமில்லை, ஒவ்வொரு ஃபிரேமும் கேமரா பார்த்தது.

பைபிளில் வரும் கருவுற்ற மரியாள் எலிசபெத்தைச் சந்திப்பதாக ஓவியர் பொன்தோர்மோ 16-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியம்தான் இதற்கு மூலம். ஆனால் என் கண் போனது பேச்சில் சேர்க்கப்படாமல் நிற்கிறவளிடம். ஒரு முகபாவம் போய் அடுத்தது வருவதற்குள் முகம் எதிலும் சேராமல் நிற்கும் ஒரு கணம் உண்டு. நேரில் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடும். இங்கே தப்ப வழியில்லை.

ஆறு வயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவர் வயோலா. பயத்தைவிட, தண்ணீருக்கடியில் கண்ட அழகுதான் மனதில் நின்றதாகச் சொல்லியிருக்கிறார். அதனாலோ என்னவோ, படத்துக்குப் படம் தண்ணீர். 1992-ல் செய்த 'நான்ட் டிரிப்டிக்'கில் மூன்று திரைகள்: ஒருபுறம் பிரசவம், மறுபுறம் சாகக் கிடக்கும் அவருடைய அம்மா, நடுவே தண்ணீருக்குள் ஓர் ஆள். பெற்றவள் அந்த நிலையில் கிடக்கும்போது கேமராவைத் தொட எனக்குக் கை வராது.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 1984-ல் ஃபிஜியின் சுவா நகரில் மகாதேவி கோயில் தீமிதியை அவர் படமெடுத்தார். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தென்னிந்தியர்களின் வழிவந்தவர்கள் நடத்தும் திருவிழா அது. ரிக் வேதத்திலிருந்து தலைப்பெடுத்த அவருடைய 1986 படத்தில் இந்தத் தீமிதி வருகிறது. அதற்கு முன்னால் பைசன் மந்தை மேய்வதையும் ஆந்தை முறைப்பதையும் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம். எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு இப்படி எடுத்துக் கொடுத்தால் பாக்கிப் பணம் வராது.