எரிவாயு எரிப்பான்களில் சுடர் உணரிகளின் நம்பகத்தன்மை: அயனியாக்கத் தண்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எரிவாயு எரிப்பான்களில் சுடர் இருப்பதை உறுதிசெய்யும் அயனியாக்கத் தண்டு, அடிக்கடி பழுதுறும் உறுப்பாகவே பராமரிப்பு நடைமுறையில் கருதப்படுகிறது. தண்டின் பழுது எனக் குறிக்கப்படுபவற்றுள் பல, சுடர், எரிப்பான் உடல், புவி இணைப்பு, மின்காப்பு ஆகியன சேர்ந்து அமைக்கும் மின்சுற்றின் குறைகளே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. துப்புரவைக் காட்டிலும் அளவீடே நம்பகத்தன்மைக்கு அடிப்படை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சுடர் உணரி, அயனியாக்க மின்னோட்டம், அலைதிருத்தம், புறஊதா உணரி, எரிப்பான் பாதுகாப்பு.

முன்னுரை

கொதிகலனில் சுடர் அணைந்த பின்னரும் எரிவாயு பாய்ந்துகொண்டிருந்தால், அது எரியறையில் காற்றுடன் கலந்து, சூடான பரப்பு ஒன்றைத் தொட்டதும் வெடிக்கக்கூடும். ஆகவே சுடர் மறைந்ததும் வால்வு மூடப்பட வேண்டும். தொழிலக உலைகளுக்கான அமெரிக்க நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 86 இதற்கு 4 நொடிகளை மேல் எல்லையாக வைக்கிறது. வீட்டு அடுப்புகளில் உள்ள வெப்ப மின்னிரட்டை குளிர்ந்து வால்வை விடுவிக்கப் பல நொடிகள் பிடிக்கும். சிறிய அடுப்புக்கு அது போதும். பெரிய எரிப்பானுக்குப் போதாது.

உணரி தவறும்போது எரிப்பான் நின்றுவிடுவது பாதுகாப்பான தவறே. ஆயினும் காரணமின்றி அடிக்கடி நிற்கும் எரிப்பான் உற்பத்தியைக் குலைக்கிறது. பணியாளரின் பொறுமையையும் குலைக்கிறது. உணரியைச் செயலிழக்கச் செய்துவிட்டு எரிப்பானை ஓட்டலாம் என்ற எண்ணம் பிறப்பது அந்நிலையில்தான். எனவே நம்பகத்தன்மை என்பது உற்பத்தி இழப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கொதிகலன் அருகில் நிற்போரின் உயிரைப் பற்றியதும் ஆகும்.

தண்டு உணர்வதில்லை

'சுடர் உணரி' என்னும் சொல் சற்றே வழிதவறச் செய்வது. தண்டு எதையும் உணர்வதில்லை. அது சுடருக்குள் நீட்டப்பட்ட ஒரு மின்வாய் மட்டுமே. ஹைட்ரோகார்பன் எரியும்போது நிகழும் வேதிவினைகளில் நேர்மின் அயனிகளும் எலக்ட்ரான்களும் தோன்றுகின்றன. தண்டுக்கும் புவி இணைப்புப் பெற்ற எரிப்பான் உடலுக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் தரப்பட்டால் சுடரின் வழியே மின்னோட்டம் செல்லும்.

எலக்ட்ரான்கள் விரைந்து நகர்பவை. அயனிகள் கனமானவை, மெதுவானவை. தண்டு நேர்மின்னாக இருக்கும் அரைச்சுற்றில் எலக்ட்ரான்கள் தண்டை அடைகின்றன. அயனிகளை எரிப்பானின் அகன்ற பரப்பு சேகரிக்கிறது. மறு அரைச்சுற்றில் அயனிகளைச் சேகரிக்கச் சிறிய தண்டே உள்ளதால் மின்னோட்டம் மிகக் குறைகிறது. இவ்வாறு சுடர் ஓர் அலைதிருத்தியாகச் செயல்பட்டுச் சில மைக்ரோஆம்பியர் அளவிலான நேர்திசை மின்னோட்டத்தைத் தருகிறது. எரிப்பான் பரப்பு, தண்டின் பரப்பைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்ற வடிவமைப்பு விதி இதிலிருந்து வந்ததே.

இம்முறையின் சிறப்பு இங்குதான் உள்ளது. ஈரம் படிந்த பீங்கானோ கசியும் கம்பியோ மின்னோட்டத்தை இருதிசையிலும் ஒருபோலக் கடத்தும். அதில் நேர்திசைக் கூறு எழாது. ஆகவே கசிவைக் கட்டுப்பாட்டுப் பெட்டி சுடர் என ஏற்பதில்லை. அதே கசிவு உண்மையான சுடரின் சைகையை நலிவடையச் செய்யும் என்பது மறுபக்கம்.

படிவுகளும் பிற காரணங்களும்

தண்டுகள் பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த உலோகக் கலவையால் ஆனவை. (இதன் புகழ்பெற்ற சுவீடன் வணிகப் பெயரான 'காந்தல்' தமிழ்ச் சொல்லாகவே ஒலிப்பது தற்செயல்.) வெப்பத்தில் இதன் மேல் உருவாகும் அலுமினியம் ஆக்சைடு படலம் உலோகத்தைக் காக்கிறது, தடித்தால் மின்னோட்டத்தையும் தடுக்கிறது. இதனினும் தொல்லை தருவது சிலிக்கா. கழிவுநீர், குப்பை ஆகியவற்றிலிருந்து பெறும் உயிரிவாயுவில் சிலோக்சேன்கள் கலந்திருக்கும். அவை எரிந்து வெண்ணிறச் சிலிக்காவாகத் தண்டில் படிகின்றன. சிலிக்கோன் பசைகளின் ஆவி எரிப்புக் காற்றில் கலந்தாலும் இதே விளைவுதான்.

படிவை நீக்க மெல்லிய எஃகு நார் போதுமானது. உப்புத்தாளால் தேய்ப்பது பரவலான வழக்கம். அது தண்டின் மேற்பரப்பைக் கீறுவதுடன் மின்காப்புத் துகள்களையும் விட்டுச்செல்லும் என்பதால் தவிர்க்கத்தக்கது. தண்டு சுத்தமாக இருந்தும் சைகை குறைந்தால் எரிப்பான் உடலின் புவி இணைப்பை ஆராய வேண்டும். துரு, வண்ணப்பூச்சு, மின்கடத்தாத கேஸ்கட் ஆகியன மின்னோட்டம் திரும்பும் வழியை அடைத்துவிடும். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஃபேஸ், நியூட்ரல் கம்பிகள் இடம் மாறினாலே சைகை கிட்டாது. மின்பணி நடந்த மறுநாள் தொடங்கும் 'உணரிப் பழுது' பெரும்பாலும் இவ்வகையினது.

சுடரும் சுற்றின் ஓர் உறுப்பே. காற்று மிகுந்தால் சுடர் எரிப்பான் முகத்திலிருந்து விலகி எழும், மின்னோட்டம் தளரும். அயனியாக்க மின்னோட்டம், எரிவாயுவும் காற்றும் முழு எரிதலுக்குரிய விகிதத்தில் கலக்கும் நிலைக்கு அருகே உச்சம் பெறுகிறது. புதிய வீட்டுக் கொதிகலன்கள் சில இப்பண்பைக் கொண்டே காற்று விகிதத்தைச் சீர்செய்கின்றன. இங்கு ஒரு நுட்பமான இடர் உண்டு. படிவால் சைகை குறையும்போது, காற்று மிகுந்துவிட்டது எனக் கட்டுப்பாடு கருதி எரிவாயுவைக் கூட்டினால் கார்பன் மோனாக்சைடு பெருகும். இத்தகைய கருவிகள் உச்ச மின்னோட்டத்தை அவ்வப்போது தாமே மீண்டும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுமாறு வடிவமைக்கப்படுவது இதனால்தான்.

அளவீடு

மேற்கண்ட காரணங்களுள் எது நேர்ந்துள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. தண்டின் கம்பியில் மைக்ரோஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, நிலையான சுடரில் மின்னோட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுவதே வழி. கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்கும் குறைந்தபட்ச எல்லை வகைக்கு வகை மாறும். எல்லையைத் தாண்டியுள்ளதா என்பதைவிட, சென்ற முறையினின்று எவ்வளவு மாறியுள்ளது என்பதே பயனுள்ள செய்தி. மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைவது படிவைச் சுட்டும். திடீர் வீழ்ச்சி, பீங்கான் விரிசலையோ புவி இணைப்பையோ நாடச் சொல்லும். நடுங்கும் அளவு, பெரும்பாலும் சுடரின் நிலையின்மையால் விளைவது. தண்டைத் துடைத்துவிட்டு 'சரிசெய்யப்பட்டது' என எழுதும் வழக்கம் இத்தகவலை முற்றாக அழித்துவிடுகிறது. துடைப்பதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும்.

புறஊதா உணரி

ஹைட்ரஜன் சுடரில் கார்பன் வழித் தோன்றும் அயனிகள் இல்லாமையால் தண்டு பயன்படுவதில்லை. அங்குப் புறஊதா உணரியே கைகொடுக்கிறது. ஆயின் அதன் தவறும் தன்மை வேறு. முதுமையடைந்த குழல், சுடர் இல்லாதபோதும் தானே மின்னிறக்கம் நிகழ்த்திச் 'சுடர் உண்டு' எனக் காட்டக்கூடும். இது ஆபத்தான தவறு. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நின்று மீளத் தொடங்கும் எரிப்பானில், தொடக்கச் சோதனையே இதைக் கண்டுகொள்ளும். இடைவிடாது எரிவனவற்றுக்கு, குழலின் முன் மூடியை இட்டுத் தன்னைத்தானே சோதிக்கும் வகை இன்றியமையாதது. உடைந்த குவார்ட்ஸ் சாளரத்துக்குப் பதிலாகச் சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தினால் உணரி குருடாகும். சாதாரணக் கண்ணாடி அந்த அலைநீளப் புறஊதாக் கதிரை விடாது.

எவ்வகை உணரியாயினும், பராமரிப்பின் இறுதியில் தகுதி பெற்றவர் எரிப்பான் இயங்கும்போதே கைவால்வால் எரிவாயுவை அடைத்துச் சுடரை அணைத்து, பாதுகாப்பு வால்வு மூடுவதற்குரிய நேரத்தை அளக்க வேண்டும். அந்நேரமும், அன்றைய மைக்ரோஆம்பியர் அளவும், சோதித்தவர் கையொப்பமும் பதிவேட்டின் ஒரே வரியில் இடம்பெறுதல் வேண்டும்.