ஏட்டில் ஏறாத உறுப்புகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஏலக்காய் வாணிகத்திற்குப் பேர்பெற்ற போடிநாயக்கனூரை அடுத்துள்ளது பொட்டிபுரம் என்னும் சிற்றூர். அங்கு மலையைக் குடைந்து, ஏறத்தாழ 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க நடுவணரசு 2015 சனவரியில் இசைவை அறிவித்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தோன்றின. கூடம் இன்றுவரை எழவில்லை. ஆயினும், அக்கருவி இயங்குமாற்றைக் கணிப்பொறியிலேயே நிகழ்த்திக் காணும் நிரல்களை அறிஞர் எழுதினர்.

நியூட்ரினோ இரும்பில் மோதுங்கால் மின்னூட்டமுடைய துகளொன்று தோன்றித் தகடுகளை ஊடுருவும். அது எந்த அடுக்கில், எப்பட்டையில், எந்நேரத்தில் பட்டது என்பவற்றை நிரல் ஒரு தொகுதியாகக் கட்டிவைக்கும். இத்தொகுதியைப் 'பொருள்' என்றும், அதன் உறுப்புகளைப் 'புலங்கள்' என்றும் வழங்குவர். நிரல் நின்றவுடன் நினைவகத்திலுள்ள பொருள் மறைந்துவிடும். ஆகவே அதனை ஒரே கோவையாக்கிக் கோப்பில் எழுதல் வேண்டும். இதுவே தொடராக்கம்.

எல்லாப் புலங்களையும் எழுதினால் என்ன? மற்றொரு பொருள் நினைவகத்தில் எங்குளது எனக் காட்டும் முகவரியும் ஒரு புலமாக இருத்தல் உண்டு. நிரல் மறுமுறை இயங்கும்போது அம்முகவரியில் வேறொன்று குடியிருக்கும். சத்திரத்தை விட்டு நீங்கியவனுக்கு அவனது பழைய அறைக்கே மடல் எழுதுவது போன்றது அது. அளந்தவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெற்றவற்றையும் நீக்கலாம். வேண்டுங்கால் மீளக் கணக்கிடலாம் அன்றோ? பிற துறை நிரல்களிற் கடவுச்சொல்லை நீக்குவது மறைபொருள் காத்தற்பொருட்டு.

இத்தகைய ஆய்வுகளிற் பெரிதும் பயன்படும் 'ரூட்' என்னும் மென்பொருள் 1995-இல் செர்ன் ஆய்வகத்தில் தொடங்கப்பெற்றது. அதில், புலத்தை அறிவிக்கும் வரியின் இறுதியில் இரு சாய்கோடுகளையும் ஒரு வியப்புக்குறியையும் இட்டால் அப்புலம் கோப்பில் ஏறாது. நிரல்மொழியின் இலக்கணப்படி சாய்கோடுகளுக்குப் பின் வருவது வெறும் உரைக்குறிப்பே. உரைக்குறிப்பையே கட்டளையாக்கிய துணிவு நம் உரையாசிரியர்க்கும் வாய்த்திலது!

நீக்கிய புலம், படிக்கும்போது தானே நிரம்பாது. ஜாவா என்னும் நிரல்மொழியில் அவ்வாறு நீக்கிய எண்புலம் சுழியாய் நிற்கும். மீளக் கணக்கிட மறந்தவன் அச்சுழியையே உண்மையளவென்று கொள்வான். அளந்ததையே நீக்கிவிடின் கேடு இன்னும் பெரிது. வானிலிருந்து இறங்கிய துகளையும் நிலவுலகை ஊடுருவி மேலேறிய துகளையும் பிரித்தறிய, எவ்வடுக்கில் முன்னர்ப் பட்டது என்னும் நேரக்குறிப்பே தலையாய சான்று. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்களவில் குறித்த அந்நேரம் ஏட்டில் ஏறாதொழியின், எஞ்சிய எண்களைக் கொண்டு அதனை மீட்க வழியில்லை.