கண் பாராமல் கால் அறியும் மிதிகள்

கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர் வழியாக ஊத்தங்கரை செல்லும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தால், ஓட்டுநரின் பாதங்களைக் கவனியுங்கள். சாலையின் குறுக்கே ஆடு பாய்ந்தால் அவர் குனிந்து மிதியைத் தேடுவதில்லை. தேட நேரமும் இல்லை. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரே நொடியில் 15 மீட்டர் ஓடிவிடும். ஆகவே கண்ணின் துணையின்றிக் காலே அறியும்படி மிதிகளை அமைக்க வேண்டியிருக்கிறது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

கால் கையைவிட வலுவானது. ஆனால் நுட்பம் குறைந்தது. முதுகு சாய்மானத்தில் பதிந்து, முழங்கால் சற்றே மடங்கிய நிலையில்தான் அது நன்கு உதைக்கும். காரில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த வசதி வைத்திருப்பது இதற்காகவே.

ஆக்சிலரேட்டரை மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். எனவே குதிகால் தரையில் ஊன்றியிருக்க, கணுக்கால் மட்டும் அசைகிறது. அதன் சுருள்வில் மிக மென்மையானால் பாதத்தின் எடையே மிதியை அழுத்திவிடும். மிகக் கடினமானால் கால் கடுக்கும். பிரேக்குக்கோ முழுக்காலின் விசை தேவை. ஆகையால் பல கார்களில் பிரேக் மிதி அகலமாகவும் சற்று உயரமாகவும் இருக்கிறது. பாதம் பட்டவுடனே வேறு மிதி என்று கால் உணர்ந்துகொள்ளும்.

கார் பிரேக் மிதி ஒரு நெம்புகோல். சுழலும் அச்சிலிருந்து பாதம் படும் இடம் 24 செ.மீ. தொலைவிலும், தள்ளும் தண்டு 6 செ.மீ. தொலைவிலும் இருந்தால், விசை 4 மடங்காகும். பேருந்திலும் லாரியிலும் உள்ள காற்று பிரேக்கில் கால் ஒரு வால்வை மட்டுமே திறக்கிறது. மற்ற வேலையை அழுத்தப்பட்ட காற்று செய்கிறது. ஆயினும் எவ்வளவு மிதித்தோம் என்று காலுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக வால்வினுள் உள்ள சுருள்வில் எதிர்த்துத் தள்ளுகிறது.

மிதிகளின் வரிசையும் முக்கியம். 1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ காரில் இடது மிதி கியருக்கு, நடு மிதி பின்னோக்கிச் செல்ல, வலது மிதி பிரேக்குக்கு, ஆக்சிலரேட்டரோ கையில்! பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்; இன்றைய வண்டிகளில் நேர்மாறு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றை ஓட்டினால், அவசரத்தில் கால் பழைய இடத்துக்கே போகும். வரிசை எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

விமானத்தில் கால்களுக்கு இரட்டை வேலை. ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளியில் உள்ளது போன்ற ஓடுதளங்களில் இறங்கும் சிறு விமானங்கள் பலவற்றில், வலது மிதியைத் தள்ளினால் வால் சுக்கான் திரும்பி மூக்கு வலப்புறம் செல்லும். அதே மிதியின் மேல்பகுதியை விரல்களால் அழுத்தினால் அப்பக்கச் சக்கரத்துக்கு பிரேக். தரை தொடும்போது பாதம் மேலே ஏறியிருந்தால், வேண்டாத பிரேக் விழுந்து விமானம் பக்கவாட்டில் இழுபடும். அதனால் குதிகாலைத் தரையில் ஊன்றியே இறங்கப் பழக்குகிறார்கள்.

நல்ல மிதியும் வழி மறிக்கப்பட்டால் பயனற்றது. ஓட்டுநரின் காலடியில் தண்ணீர்ப் புட்டி உருளக் கூடாது. தரைவிரிப்பு நழுவக் கூடாது. தளர்ந்த செருப்பும் ஆகாது. தடையின்றி மிதிக்க முடிந்தால்தான் அந்த 15 மீட்டருக்குள் ஓர் உயிர் பிழைக்கும்.