கைபடாத் திறவுகோலும் மோட்டார் வண்டிக் காவலும்

திறவுகோல் என்னுஞ் சொல் திறக்கின்ற கோல் எனப் பொருள்படும். யாழ்ப்பாணத்தார் அதனைத் திறப்பு என்பர். மலைநாட்டில் வாழும் நாம் சாவி என்போம். பெயர் யாதாயினும், பூட்டினுள் நுழைந்து திரும்புவதே அதன் தொழில் என்று நெடுங்காலம் கொண்டிருந்தோம். இன்றோ, சட்டைப்பையை விட்டு வெளியே வாராமலே மோட்டார் வண்டியின் கதவைத் திறந்து, பொறியையும் இயக்க இசைவு தரும் திறவுகோல் நம்மிடையே வந்துவிட்டது. கோல் என்னும் வடிவம் மறைந்தது. திறத்தல் என்னும் தொழில் மட்டும் எஞ்சியது. அத்தொழிலைக் கள்வன் எவ்வாறு களவாடுகின்றான் என்பதையும், அதனைத் தடுக்கும் வழிகள் யாவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது எங்கோ செல்வர் நாட்டுச் செய்தி. லிந்துலைக்கு இதனால் ஆவதென்ன என்று வினவுவார் இருக்கலாம். ஜப்பானில் ஓடியபின் இலங்கைக்கு வந்த அக்குவா, பிரியஸ், வெசெல், வகன் ஆர் முதலிய வண்டிகளுட் பல இத்தகைய சாவியுடனேயே வந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் தனியார் வண்டிகளுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட வீதியிலே அரைமணி நேரம் நிற்பவர் இவ்வண்டிகளைக் கண்ணாரக் காணலாம். கொழும்பிலே உழைத்த பணத்தையும் தாயின் சேமிப்பையும் ஒன்றாக்கி, எஞ்சியதற்கு லீசிங் எழுதி, வாடகைக்கு ஓட்டுவதற்காக வண்டி வாங்கிய இளைஞர்க்கு அவ்வண்டி வெறும் ஊர்தியன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பு அது. வண்டி களவு போனாலும் தவணை களவு போவதில்லை. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் செய்தவர்க்குக் களவுக்கு ஈடு கிடைப்பதுமில்லை. ஆதலின் இதனை அறிந்து வைத்தல் நன்று.

திறவுகோலின் இரு வகை

கம்பியின்றித் திறக்குஞ் சாவிகள் யாவும் ஒருவகையின அல்ல. பொத்தானை அழுத்தினாலன்றித் திறவாதது ஒருவகை. 1982ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் தன் ஃபுயேகோ வண்டியில் இதனை அறிமுகஞ் செய்தது. பொத்தானைத் தொடாமலே, சாவியை உடன் வைத்திருப்பவர் கைப்பிடியைத் தொட்ட அளவில் திறப்பது மற்றொரு வகை. இது 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தாற் பரவத் தொடங்கிப் பின்னர் எளிய விலை வண்டிகளுக்கும் இறங்கி வந்தது. ஸ்மார்ட் சாவி என்று நம்மவர் சொல்வது இதனையே.

இரண்டாம் வகை இயங்குமாற்றைக் காண்பாம். கைப்பிடியைத் தொட்டதும் வண்டி தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வானொலி அலையை எழுப்புகின்றது. அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 125,000 முறை அதிர்வது. ஓரிரு மீற்றர் தூரமே எட்டுவது. அதனுள் ஒரு வினா பொதிந்திருக்கும். அவ்வலை பட்டதும் உறங்கிய சாவி விழித்து, தனக்கும் வண்டிக்கும் மட்டும் தெரிந்த மறைகணக்கின்படி விடையைக் கணித்து, அதிர்வு மிக்க வேறோர் அலையில் அனுப்புகின்றது. ஜப்பானிய வண்டிகளில் இது பெரும்பாலும் நொடிக்கு 31 கோடியே 50 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. பல மீற்றர் தூரம் செல்ல வல்லது. விடை சரியாயின் கதவு திறக்கும். வினா ஒவ்வொரு முறையும் மாறுவதால், நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவனுக்கு இன்று பயனில்லை.

இத்துணை நுட்பமான பூட்டை உடைப்பது எங்ஙனம்? கள்வன் அதனை உடைப்பதேயில்லை என்பதுதான் இங்கு உணரற்பாலது.

மூடுபனியில் ஒரு பேர்ப்பதிவு

தோட்ட வாழ்க்கையிலிருந்தே ஓர் உவமை கூறுவாம். மூடுபனி கவிந்த விடியற்காலையிலே பெரட்டுக்களத்தில் நின்று கணக்கப்பிள்ளை பேர் போடுகின்றார் எனக் கொள்வோம். எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி. ஒருவன் பெயரை அவர் மெல்லக் கூறுகின்றார். அவனோ கீழ் லயத்தில், தன் காம்பராவில், கம்பளிக்குள் உறங்குகின்றான். களத்தில் நிற்கும் ஒருவன் அப்பெயரைக் கைபேசி வழியே லயத்து இஸ்தோப்பில் நிற்கும் தோழனுக்குச் சொல்ல, அவன் அதனை உறங்குவோன் காதில் ஓதுகின்றான். உறங்குவோன் தன் சொந்தக் குரலிலேயே விடை கூறுகின்றான். அக்குரல் அவ்வழியே திரும்பிக் களத்தில் ஒலிக்கின்றது. கணக்கப்பிள்ளை கேட்ட குரல் பொய்க்குரலன்று, ஆளும் பொய்யாளல்லன். பொய்யானது ஒன்றே: அவன் அருகில் நிற்கின்றான் என்னும் எண்ணம். எனினும் பேர் பதிவாகிவிட்டது.

வண்டியை ஏமாற்றுவதும் இவ்வாறே. கள்வர் இருவர் வருவர். ஒருவன் வண்டியருகே ஒரு கருவியுடன் நிற்பான். மற்றவன் வீட்டுச் சுவரோரத்தில் மற்றொரு கருவியுடன் நிற்பான். வண்டியின் வினாவை ஒருவன் வாங்கி மற்றவனுக்கு அனுப்ப, அவன் கருவி அதனைச் சுவருக்கு அப்பாலுள்ள சாவிக்கு ஓதும். சாவி உண்மையான விடையையே தரும். வண்டி திறந்து, பொறியும் இயங்கிவிடும். கண்ணாடி உடைவதில்லை, ஓசை எழுவதில்லை.

ஓடத் தொடங்கிய வண்டி, சாவி தன்னிடம் இல்லையென்று கண்டு வழியில் நின்றுவிடாதோ எனின், நிற்பதில்லை. ஓடும் வண்டி திடீரென நிற்பின் உயிருக்கே இடராம். அது கருதி எச்சரிக்கை ஒலி எழுப்புவதோடு அமையுமாறு செய்துள்ளனர். பயணியரின் உயிர் காக்கச் செய்த ஏற்பாடே கள்வனுக்கும் துணையாயிற்று.

2011ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் எட்டு நிறுவனங்களின் பத்து வகை வண்டிகளை இம்முறையிற் சோதித்தனர். பத்தும் திறந்தன, பத்தும் இயங்கின. மறைகணக்கு எத்துணை வலியதாயினும் இக்குறை நீங்காது என்பதை அவர்கள் அன்றே காட்டினர்.

கனடா கற்பித்த பாடம்

நம் பழைய மாணவர் சிலரும் உறவினர் பலரும் வாழும் கனடா நாடு இதன் வன்மையை நன்கறிந்தது. 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல், உரிய சாவியின்றிப் பொறி இயங்காதவாறு தடுக்கும் கருவி புதிய வண்டிகளில் இருத்தல் வேண்டுமென அந்நாடு விதித்தது. அதற்கு அடங்கிய களவு பின்னர் மீண்டும் பெருகியது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 90,000 வண்டிகள் களவு போவதாக அரசே அறிவித்து, 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் ஒட்டாவாவில் இதற்கெனவே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டியது. தொரொன்ரோப் பகுதியில் திருடப்பட்ட வண்டிகள் பெரிய கொள்கலங்களில் ஏற்றப்பட்டு, மொன்றியல் துறைமுகத்தின் வழியே ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றன.

அவ்வாண்டிலேயே தொரொன்ரோவில் நடந்த ஒரு கூட்டத்தில், கள்வர் வீட்டினுட் புகுந்து தாக்காதிருக்கும் பொருட்டுச் சாவியை அலை புகா உறையிலிட்டு வாசற்கதவருகே வைக்கலாம் என ஒரு பொலிஸ் அலுவலர் கூறினார். கள்வனுக்குச் சாவியை எடுத்துக் கொடுப்பதா என்று மக்கள் சினந்தனர். அவ்வறிவுரையை ஏற்பினும் மறுப்பினும், அதனுள் ஓர் உண்மையுண்டு: உயிரினும் சிறந்ததன்று வண்டி. சாவியைக் காக்க முனைந்து கள்வனைப் படுக்கையறைக்கு அழைத்துக்கொள்ளலாகாது.

காவல் முறைகள்

முதலாவது, நும் சாவி எவ்வகையது என்று அறிக. சாவி பையிலிருக்கப் பொத்தானை அழுத்தாமற் கதவு திறப்பின், மேற்கூறிய இடர் உண்டு. பொத்தானை அழுத்தினாலன்றித் திறவாதாயின் அவ்விடர் இல்லை. ஆயினும் நகரத்து வாகனத் தரிப்பிடங்களிலே, நீர் பூட்டும்போது அலையைக் குழப்பிப் பூட்டாமற் செய்யும் கள்வர் உளர். ஆகவே விளக்குகள் மின்னுவதைக் கண்டபின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தே அகல்க. ஸ்மார்ட் சாவி உடையார்க்கோ இழுத்துப் பார்த்தல் பயன்தராது; சாவி பையிலிருத்தலால் கதவு திறந்துகொள்ளும். அவர் விளக்கு மின்னுவதையும் பூட்டின் ஓசையையும் கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, சாவியை வைக்கும் இடம். நம் வீடுகளிலே சாவியை வாசலருகே ஆணியில் மாட்டுவது வழக்கம். லயத்து வீடாயின் ஆணிக்கும் வீதிக்கும் இடையே ஒரு சுவரே உண்டு. சுவர் இவ்வலையைத் தடுக்காது. ஆதலின் வாசலுக்கும் சாளரத்துக்கும் எட்ட, வீட்டின் நடுப்பகுதியில் வைத்தல் நலம்.

மூன்றாவது, சாவியை வாய்பேசாதிருக்கச் செய்தல். உலோகத்தாற் சூழப்பட்ட இடத்துள் மின்புலம் புகாது என்பதை 1836ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் அறிஞர் ஒரு கூண்டு அமைத்துக் காட்டினார். முன்னாளில் ஈரம் புகாவண்ணம் தேயிலைப் பெட்டியின் உட்புறத்தை உலோகத் தாளாற் போர்த்தியதை முதியோர் அறிவர். இங்கே ஈரத்துக்குப் பதிலாக அலையைத் தடுக்கின்றோம். இதற்கென விற்கப்படும் உறையை வாங்கலாம்; இறுக மூடும் பிஸ்கற் தகரமும் பயன்படக்கூடும். ஆனால் எதனையும் சோதியாமல் நம்பற்க. சாவியை உள்ளிட்டு மூடி, வண்டியின் அருகே கொண்டுசென்று கைப்பிடியைத் தொடுக. கதவு திறந்தால் அப்பேழை பயனற்றது. மடித்து விரித்துப் பழகிய உறை நாளடைவில் நைந்துபோமாதலின் சிலகாலத்துக்கு ஒருமுறை மீண்டுஞ் சோதிக்க. அலுமாரியிற் கிடக்கும் இரண்டாஞ் சாவியும் பேசும் என்பதை மறவற்க.

டொயோட்டாச் சாவிகள் பலவற்றிற் செலவில்லாத வழியொன்றுண்டு. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தின், சாவியின் சிறுவிளக்கு நான்கு முறை மின்னிச் சாவி உறங்கிவிடும். மறுபடி ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்த விழித்துக்கொள்ளும். பற்றரியைச் சேமிக்க அமைத்த இவ்வழி காவலுக்கும் உதவுகின்றது. நும் வண்டியில் இது உண்டோ என்பதைக் கைந்நூலிற் காண்க.

நான்காவது, கண்ணுக்குத் தெரியும் தடை. சாவியை மௌனமாக்குதல் மட்டும் போதாது. 2022ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு டொயோட்டா வண்டி, சாவியை நாடாமலே, முன்விளக்கருகிலுள்ள கம்பிகளின் வழியே பொய்க்கட்டளை செலுத்தித் திருடப்பட்டது. அம்முறையை ஆய்வாளர் 2023இல் விளக்கி வெளியிட்டனர். பழுது பார்ப்போர் தம் கணினியைத் தொடுக்கும் பொருத்துவாய் வழியே புதுச்சாவியைப் பதிந்துகொள்ளும் கள்வரும் உளர். இவர்க்கெல்லாம் பழையகால இரும்பே மாற்று. ஸ்டியரிங் வளையத்திற் பூட்டும் இரும்புத்தடி மின்னலையைக் கேளாது; அதனை ஏமாற்ற இயலாது; அறுக்கத்தான் வேண்டும். அறுப்பதற்கு நேரமும் ஓசையும் ஆகும். கள்வன் அஞ்சுவன அவ்விரண்டுமே.

ஐந்தாவது, பழைய வண்டி வாங்குவோர் இரு சாவிகளையுங் கேட்டுப் பெறுக. ஒன்றுதான் உண்டெனின், மற்றது யார் கையில் உள்ளதோ அறியோம். புதுச்சாவி செய்வித்தல் மட்டும் போதாது. பழைய சாவியின் பதிவை வண்டியின் நினைவிலிருந்து நீக்குவித்தலே காவலாகும். சாவியைத் தொலைத்தவரும் இவ்வாறே செய்க.

ஆறாவது, ஹைபிரிட் வண்டியை இயங்கு நிலையில் விட்டு இறங்கற்க. அதன் பொறி ஓசையின்றி நிற்பதால் அணைந்ததென மயங்கிக் கடைக்குட் செல்வோர் உண்டு. அந்நிலையில் ஏறி ஓட்டிச்செல்லக் கள்வனுக்கு எக்கருவியும் வேண்டா.

இத்தனைக்கும் மேலாக வண்டி களவுபோமாயின், துரத்திச் செல்லற்க. 119 என்னும் இலக்கத்துக்கும் அண்மைப் பொலிஸ் நிலையத்துக்கும் உடனே அறிவித்து, காப்புறுதி, லீசிங் நிறுவனங்களுக்கும் தெரிவிக்க. பதிவிலக்கத்தோடு அடிச்சட்ட இலக்கத்தையும் பொறி இலக்கத்தையும் வீட்டில் எழுதி வைத்திருத்தல் அப்போது பெரிதும் உதவும். வண்டிப் பத்திரங்களை வண்டியினுள்ளேயே வைத்திருப்பது கள்வனுக்குச் செய்யும் இரண்டாம் உதவியாகும்.

முடிவுரை

குறையை உணர்ந்த நிறுவனங்கள் திருத்தம் செய்து வருகின்றன. வானொலி அலை நொடியின் நூறு கோடியில் ஒரு கூற்றில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் செல்லும். வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட காலத்தை அத்துணை நுட்பமாக அளந்து, சாவி மெய்யாகவே அருகில் உள்ளதோ என்று அறியும் வண்டிகள் இப்போது வருகின்றன. அசையாது கிடந்தால் தானே உறங்கும் சாவிகளும் உள. ஆயினும் நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பல அவ்வறிவு பெறாதவை; இன்னும் பல்லாண்டு ஓடக்கூடியவை.

அவை குரலைக் கேட்கும், தூரத்தை அளவா. வண்டிக்கு இல்லாத அவ்வறிவை உடையவரே ஈடுசெய்தல் வேண்டும். அதற்கு வேண்டுவன இரவிலே சாவிக்கு ஒரு தகரப்பேழையும், வளையத்துக்கு ஓர் இரும்புத்தடியும், அவற்றை நாடோறும் மறவாது பயன்படுத்தும் பழக்கமுமேயாம். முன்னைய இரண்டும் கடையிற் கிடைக்கும். மூன்றாவதை வீட்டிலுள்ளோர் அனைவரும் இன்றே பயிலத் தொடங்குவாராக.