தசையை ஒட்டுக்கேட்கும் துணி

வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை புரள்வது தெரியும். அது இறுகும்போதெல்லாம் தோலின் மேல் ஒரு மின்னழுத்தம் எழுகிறது. சில மில்லிவோல்ட்டுக்கு மேல் போகாது. சுவர்க் கடிகாரத்தில் போடும் செல் 1500 மில்லிவோல்ட். இத்தனை மெல்லிய மின்துடிப்பைத் துணியால் பிடித்து, வீடியோ ஆட்டத்தில் திரையில் ஓடும் காரைத் திருப்ப வைக்கிறார்கள்.

பருத்தி நூல் இதற்கு உதவாது. வெள்ளி பூசிய நைலான் நூலைக் கைப்பட்டையின் உட்புறத்தில் சிறு திட்டுகளாகப் பின்னுகிறார்கள். தசையின் நீளவாக்கில் இரண்டு, முழங்கை எலும்பருகே ஒன்று. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பட்டையோடு இணைந்த கருவி பெருக்கும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரேபோல் விழுவதால் பெரும்பகுதி கழிந்துவிடும்.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது தோலில் பசை தடவுவார்களே, இங்கே அந்த வேலையை வியர்வை செய்கிறது. அதனால் உலர்ந்த கையில் முதல் சில நிமிடம் ஆட்டம் தடுமாறும். கை ஈரமானதும் சரியாகும். வியர்வை மிகுந்து இரண்டு திட்டுகளையும் இணைத்துவிட்டாலோ மறுபடி குழப்பம். பட்டை தளர்ந்து தோலில் உரசினால், அந்த உரசலையே தசையின் துடிப்பு என்று கருவி எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தின் பாதிக் கஷ்டம் தையலில்தான் இருக்கிறது.

இதயத்துடிப்பையும் துணியால் அறியலாம். ஆனால் அதைப் பொத்தானாக்க முடியாது. ‘இப்போது வேகமாக அடி’ என்றால் இதயம் கேட்குமா? 1998இல் ஜப்பானில் வந்த டெட்ரிஸ் 64 ஆட்டத்துக்குக் காதில் மாட்டும் துடிப்புமானி ஒன்று கிடைத்தது. ஆடுபவரின் துடிப்புக்கேற்ப ஆட்டத்தின் போக்கு மாறும். இதயத்துக்குத் தகுந்த வேலை அதுதான்.

கட்டளையிடத் தசையே ஏற்றது. ஆடுமுன் கையை ஒருமுறை தளரவிட்டு, ஒருமுறை முழு பலத்தோடு இறுக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை குறிக்கப்படும். அதைத் தாண்டினால் பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. விரல்கள் மடங்காத ஒரு குழந்தைக்குத் தோளில் மட்டும் தசை லேசாக இறுகினால்கூடப் போதும். பட்டையை அங்கே கட்டி, எல்லையை அந்தக் குழந்தையின் பலத்துக்கு இறக்கி வைத்துவிடலாம்.