மாலையில் காஞ்சிக்கு வரும் கடல்

காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு "இது கடலோர ஊர்" என்று சொன்னால், பக்கத்தில் டீ குடிப்பவர் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அலை இல்லை, வலை இல்லை, உப்பளம் இல்லை. நேர் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால்தான் வங்கக் கடல். போதாக்குறைக்கு, மாவட்டத்துக்கென்று இருந்த கடற்கரையும் கையைவிட்டுப் போய்விட்டது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்களே, அப்போது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அடுத்த மாதம் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரமும் கல்பாக்கமும் அதோடு போயின.

மாவட்ட எல்லையை மாற்றலாம். காற்றுக்கு அது தெரியாதே. இந்த ஊரில் எப்போது வியர்க்கும், எப்போது பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) விரிக்கலாம், எந்த மாதம் தறி நிற்கும், பீரோவில் இருக்கும் பட்டுச்சேலையின் சரிகை ஏன் கறுக்கிறது, எல்லாவற்றிலும் கடலுக்குப் பங்கு உண்டு. எப்படி என்று கேட்டால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

காஞ்சியைக் கடலோடு சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நானில்லை. ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், காஞ்சி தென்கடலின் வாயில் இருக்கிறது, இங்கிருந்து கப்பலேறினால் மூன்று நாளில் சிங்களத் தீவு என்று குறித்திருக்கிறார். பல்லவர்களின் தலைநகரையும் அவர்களுடைய மாமல்லபுரக் கரையையும் அவர் ஒன்றாகவே எண்ணியிருக்க வேண்டும். வரைபடத்தில் அது தவறு. வானிலையில் அவ்வளவு தவறு இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிழக்கே சுமார் 75 கிலோமீட்டரில் சென்னை. மேற்கே ஏறத்தாழ அதே தொலைவில் வேலூர். சென்னை ஈரமான வெக்கை, வேலூர் காய்ந்த வெயில். நடுவில் இருக்கும் காஞ்சி கோடை நாளொன்றில் இரண்டையும் அனுபவித்துவிடும். பகலில் மேற்குக் காற்று வீசும்போது அது வேலூரின் தங்கை. பொழுது சாய்ந்ததும் சென்னையின் தங்கை.

இந்த மாற்றத்தைச் செய்வது கடற்காற்று. வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கடல்மேல் உள்ள குளிர்ந்த, ஈரமான காற்று அந்த இடத்துக்கு நகர்ந்து வருகிறது. சென்னைக் கரையில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித் தொடங்கிவிடும். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் மெரினாவில் இருப்பவர் மூன்று மணிக்கே சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு மூச்சு விடும்போது, காஞ்சியில் ராஜ வீதியில் நடப்பவர் இன்னும் வெந்துகொண்டிருப்பார். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதன் பலன் கிலோமீட்டரில் மட்டும் இல்லை, மணிக்கணக்கிலும் இருக்கிறது.

காற்று வராமலே போகிற நாளும் உண்டு. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மேற்குக் காற்று பலமாக இருந்தால், கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடற்கரையை வைத்துக்கொண்டே ஒரு நகரம் அப்படி வேக முடியும் என்றால், கடல் பக்கத்தில் இருந்தால் போதாது, அதன் காற்று வீட்டுக்குள் வர வேண்டும் என்பது புரியும்.

மாலையில் காற்று வந்தால் ஆடி, ஆவணியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மேற்கிலிருந்து வரும் காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் ஒன்றையொன்று முட்டும். முட்டிய இடத்தில் ஈரக் காற்று மேலே தள்ளப்பட்டு மேகமாகும், இடிக்கும். வானிலை அறிக்கையில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று சொல்வது இதைத்தான். காஞ்சியில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெய்த மழை பல நாளில் அப்படியே கிழக்கே நகர்ந்து, சென்னைக்காரர் தூங்கிய பிறகு அங்கே பெய்யும்.

சரி, ஈரம் என்றால் என்ன கணக்கு? 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 40 டிகிரியில் அதே இடத்துக் காற்று 51 கிராம் தாங்கும். விடியற்காலையில் காற்றில் 20 கிராம் இருந்தால் அது கிட்டத்தட்ட நிரம்பிய காற்று. கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கும். அதே 20 கிராம் மதியம் இரண்டு மணிக்குப் பாதிக்கும் குறைவு, உதடு வெடிக்கும். காற்றில் இருக்கும் தண்ணீர் அதேதான், வெப்பம் மாறியதால் நம் தோலுக்கு வேறாகிவிட்டது.

தோலுக்கு இது ஏன் முக்கியம்? ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். காற்று ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வியர்வை ஆவியாகாது, வழியத்தான் செய்யும். உடம்பில் தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. வேலூரில் 40 டிகிரியைத் தாங்கியவர் சென்னையில் 36 டிகிரியில் தள்ளாடுவது இதனால்தான். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து வெயிலை அளக்காதீர்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது பட்டுக்கு வருவோம். மனிதத் தோலைவிட இந்த ஊரில் காற்றின் ஈரத்தை அதிகமாக உணர்வது பட்டு நூல்தான். பட்டு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வணிகத்தில் பட்டின் எடையைக் கணக்கிடும்போது, உலர்ந்த நூலின் எடையில் 11 சதவீதம் ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வது உலக வழக்கம். மழைக்காலத்தில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரியே தெரியாமல் இருக்கக்கூடியது பட்டு.

காற்று ரொம்பக் காய்ந்தால் இழை விறைக்கும், உரசலில் மின்னூட்டம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும், பஞ்சு எழும், பாவு அறும். ரொம்ப ஈரமானாலும் தொல்லை: நனைந்த பட்டு தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும், இழுத்த இழுப்புக்கு நீளும், தறியில் இறுக்கம் மாறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இதமான அளவு இருக்கிறது. அந்த அளவைக் கருவி இல்லாமல் பிடித்து வைக்கும் ஏற்பாடுதான் குழித்தறி.

தரையில் குழி தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டு, தரை மட்டத்திலேயே உட்கார்ந்து நெய்வது குழித்தறி. பாவு தரைக்குச் சற்று மேலே ஓடும். மண் குழி, பானை தண்ணீரைக் கசியவிடுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும். மதியக் காற்று காய்ந்தாலும் பாவைச் சுற்றி மட்டும் விடியற்காலையின் ஈரம் மிச்சம் இருக்கும். மேலே நாட்டு ஓடு, கீழே மண் தரை, நடுவில் நூல். இப்போது தளம் போட்ட வீடு, டைல்ஸ் தரை, தரைக்கு மேலே நிற்கும் தறி என்று மாறிய வீடுகளும் இருக்கின்றன. முழங்கால் வலி குறையும், உண்மை. ஆனால் குழி இலவசமாகச் செய்து தந்த வேலையை, ஜன்னலை எப்போது மூடுவது, தரையில் எப்போது தண்ணீர் தெளிப்பது என்று இனி மனிதர்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

தெருவில் பாவு விரிப்பதற்கும் இதே கணக்குதான். சாயம் ஏறுவதற்கு முன்பே பட்டு நூலைச் சோப்புப் போட்டுக் காய்ச்சி அதன் இயற்கைப் பசையை எடுத்துவிடுவார்கள். நூலின் எடையில் கால் பங்கு வரை அதில் போய்விடும். பசை போன இழைக்கு மறுபடி ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் அரிசிக் கஞ்சி. விடிந்தும் விடியாத வேளையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கை கொடுப்பார்கள். ஏன் அந்த நேரம்? வண்டி குறைவு என்பது ஒரு காரணம். காற்றில் ஈரம் இருப்பதால் கஞ்சி நிதானமாகக் காயும் என்பது இன்னொன்று. பத்து மணி வெயிலில் தோய்த்தால் மேலே காய்ந்து, உள்ளே பிடிக்காமல், தறியில் பொருக்காக உதிரும்.

இதைக் கேட்டுவிட்டு, காற்றுக்காகத்தான் பட்டு காஞ்சிக்கு வந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நெசவை இங்கே வளர்த்தது கோயில்களும் அரசர்களும், வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நெசவுச் சமூகங்களும்தான். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகைக்குச் சூரத் பெயர் பெற்றது. வந்த தொழிலைக் காற்று விரட்டவில்லை, அவ்வளவுதான். மனிதர்கள் தங்கள் நேரத்தைக் காற்றுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

மாற்றிக்கொள்ள முடியாத காலம் ஐப்பசி, கார்த்திகை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. இந்த வட கடலோரப் பகுதியில் அதன் பங்கு இன்னும் கூடுதல். மூன்று மாதத்தில் கொட்டும் நீரை ஒன்பது மாதத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த வட்டாரம் முழுக்க ஏரிகள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தேர்தலில் ஆள் எடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். கடல் தரும் மழையைப் பிடித்து வைப்பது அன்றே ஊராட்சியின் வேலை.

பிடிக்க முடியாத அளவுக்குப் பெய்தால் என்னாகும் என்பதை 2015 வெள்ளம் காட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். தாம்பரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. சாதாரண அடைமழையே நெசவாளியை முடக்கிவிடும். நிலத்தடி நீர் ஏறி, தறிக்குழியில் ஊற்றெடுக்கும். தெருவில் பாவு விரிக்க முடியாது. கஞ்சி காயாது, சாயம் காயாது. சேலைக்குக் கூலி என்பதால் தறி நின்றால் வருமானமும் நிற்கும். தை முகூர்த்தங்களுக்கான சேலைகள் தறியில் இருக்க வேண்டிய காலமும் இதுதான். வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தைக் கல்யாணத்துக்குப் பட்டு நெய்யச் சொல்வதென்றால் புரட்டாசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கார்த்திகையில் அவசரப்படுத்தினால் வானம் கேட்காது.

வாங்கிக்கொண்டு போன பிறகும் கடல் விடாது. சரிகையில் இருப்பது பொன்முலாம் பூசிய வெள்ளி. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்தால் கறுக்கும். ஈரம் அதை விரைவுபடுத்தும். சென்னை, புதுச்சேரி, கொழும்பு, சிங்கப்பூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் சேலையைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைப்பது பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராமல் பூஞ்சை பிடிக்கத்தான் அது உதவும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே முறியும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் காற்று காய்ந்ததும் நிழலில் அரை நாள் காற்றாட விடுங்கள். அந்துருண்டை போடுவதானால் சேலையின் மேல் படாமல் தள்ளி வையுங்கள்.

இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன்: கடலோரம் என்பது மணல் முடிகிற இடத்தில் முடிவதில்லை, அதன் ஈரம் போய்ச் சேரும் இடம் வரைக்கும் அது நீள்கிறது. காஞ்சியில் குடியேற வீடு பார்க்கிறீர்களா? பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்து ஜன்னல் இருக்கிறதா? அதற்கு எதிரே காற்று வெளியேற வழி இருக்கிறதா? கார்த்திகை மாதம் கிணற்றில் தண்ணீர் எந்த உறை வரைக்கும் ஏறும்? மூன்றாவது கேள்விக்கு வீட்டுத் தரகர் மழுப்பினால், அந்தத் தெருவில் தறி போட்டிருக்கும் வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அங்கே இருக்கும் நெசவாளிக்குச் சரியாகத் தெரியும்.