ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பிடி உப்பும்

நமது வீடுகளில் அஞ்சறைப் பெட்டி உண்டு. வெற்றிலைப் பெட்டி உண்டு. பணப் பெட்டி, அதில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டாயம் உண்டு. இவற்றைத் தவிர, ஒருவருக்கு மட்டுமே உரிய பெட்டி ஒன்றும் பழைய குடும்பங்களில் இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது தகர டிரங்குப் பெட்டியாக இருக்கும். மூடியின்மேல் ரோஜாப்பூவும் கிளியும் வர்ணத்தில் எழுதியிருக்கும். கல்யாணமாகிப் புக்ககம் வந்த பெண்மணி கையோடு கொண்டுவந்த பெட்டி அது. புடவைகளெல்லாம் பீரோவுக்குக் குடிபோன பிறகும் பூட்டு மட்டும் அதை விட்டுப் போவதில்லை. "அதில் என்ன இருக்கிறது, பாட்டி?" என்று குழந்தைகள் கேட்டால், "பழைய குப்பை" என்று பதில் வரும். குப்பைக்குப் பூட்டு எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை!

எங்கள் பெரிய அத்தையின் பெட்டியும் அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். தஞ்சை ஜில்லாவில், மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் அவர். 1930-ம் வருஷத்தில் அவருக்கு வயது 14. அவர் 2004-ம் வருஷம் மாசி மாதத்தில் காலமான பின்னர் பெட்டியைத் திறந்தபோது அகப்பட்டவை இவ்வளவே: பாதி நூல் சுற்றிய ஒரு தக்ளி, நான்கு ஓட்டைக் காலணா, ஜெயிலிலிருந்து வந்த மூன்று கடிதங்கள், கொடிப் படம் போட்ட தபால் தலை ஒன்று, காகிதத்தில் மடித்த ஒரு சிறு பொட்டலம்.

ஓட்டைக் காலணாவைக் கண்டு இக்காலத்துக் குழந்தைகள் வியப்படைகிறார்கள். யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காக 1943-ம் வருஷம் முதல் சர்க்கார் நாணயத்தின் நடுவிலேயே துளை போட்டுவிட்டார்கள். ரூபாய்க்கு 64 காலணா. அரைஞாண் கயிற்றில் கோத்துக் கொள்வதற்கும் அது வசதியாயிருந்தது. தபால் தலையோ சுதந்திர இந்தியா 1947 நவம்பர் 21-ந் தேதி வெளியிட்ட முதல் தலை. விலை மூன்றரை அணா. நமது கொடியும், "ஜெய் ஹிந்த்" என்ற வாசகமும் அதில் உண்டு. (மறு வருஷம் சுதந்திர தினத்தன்று வெளிவந்த காந்தி தபால் தலைகளை ஸ்விட்ஸர்லாந்திலே அச்சிட்டு வரவழைத்தார்கள்! சுதேசியத்தை உபதேசித்த மகானுக்கு வந்த சோதனை என்றுதான் சொல்லவேண்டும்.)

பொட்டலத்தின் விஷயம் வேறு. அதன் காகிதம் சிறிதும் பழையதன்று. 2003-ம் வருஷத்து நாட்காட்டியிலிருந்து கிழித்த டிஸம்பர் தாள். உள்ளே அழுக்கு நிறத்தில் கொஞ்சம் கல் உப்பு. அத்தையின் மருமகள் அதைக் குப்பைக் கூடையில் போடுவதற்காகக் கையில் எடுத்துவிட்டாள். அச்சமயம் திண்ணையிலிருந்த அத்தையின் தங்கை, "அம்மா, அதைப் போட்டுவிடாதே. அது அண்ணா கொண்டுவந்த உப்பு" என்றார். அவருக்கு அப்பொழுது வயது 80-க்கு மேல். அவர் அன்று அந்த வீட்டில் இராதிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

வேதாரண்ய யாத்திரையைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். தண்டியில் காந்தியடிகள் 1930 ஏப்ரல் 6-ந் தேதி உப்பெடுத்த ஒரு வாரத்திற்குள், 13-ந் தேதி, ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ந் தேதி விடியற்காலையில் உப்பெடுத்தார்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஜில்லா கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது தஞ்சை ஜில்லாவில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

யாத்திரை ஊர்ப்பக்கம் வந்தபோது, அத்தையின் தமையனார் வீட்டில் சொல்லாமல் பின்னோடு போய்விட்டாராம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் இரவு வந்து, தங்கை கையில் இந்த உப்பைக் கொடுத்துவிட்டு மறுபடியும் போனவர் ஜெயிலுக்குப் போனார். மூன்று கடிதங்களிலும் அரசியல் ஒரு வார்த்தைகூட இல்லை. அதிகாரிகள் படித்துப் பார்த்தல்லவா அனுப்புவார்கள்? கன்றுக்குட்டி புல் தின்கிறதா, நூல் அறாமல் நூற்கக் கற்றுக்கொண்டாயா, இவைதான் விசாரணை. விடுதலையாகி இரண்டு வருஷத்தில் காசநோயால் இறந்துபோனார். மேலே சொன்ன தபால் தலை அந்தக் கடிதக் கட்டுக்குள்ளேதான் செருகியிருந்தது. அத்தை அதை எதிலும் ஒட்டவில்லை.

உப்பளத்து உப்புக்கு ஒரு குணம் உண்டு. அதில் கலந்திருக்கும் மெக்னீசியச் சத்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலம் நனைந்து கசியத் தொடங்கிவிடும். ஆகையால் அத்தை ஆண்டுதோறும் தை மாதத்தில் அதை வெயிலில் காயவைத்துப் புதுக் காகிதத்தில் மடிப்பாராம். எழுபதுக்கு மேற்பட்ட தை மாதங்கள்! கடைசித் தை, அவர் இறப்பதற்கு முந்திய மாதம். வருஷந்தோறும் உப்பும் சிறிது கரைந்துதானே போயிருக்கும்? முதலில் ஒரு பிடி இருந்ததாம். இப்போது இரண்டு தேக்கரண்டிகூடத் தேறாது.

2009-ம் வருஷம் நியூயார்க்கில் காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவற்றை ஏலம் போட்டார்கள். நம் நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். இன்னாருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதனால் அந்த விலை. மதுரைக் காந்தி காட்சிசாலையை 1959-ல் நேருஜி திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி அங்கே உள்ளது. அதன் முன் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சீட்டில் எழுதியிருக்கும் இரண்டு வரியில்லாவிட்டால் அதுவும் ஒரு துணிதானே!

ஆகவே, வீட்டில் இத்தகைய பெட்டி உள்ளவர்கள் முதலில் செய்யவேண்டியது, உரியவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக் கொள்வதுதான். மற்றவை பிறகு. கடிதங்களைக் குண்டூசியால் குத்தி வைக்கக் கூடாது; துரு காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் ஸெல்லோ டேப் ஒட்டுவது அதைவிடக் கெடுதல். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய அக்காலத்து மையே நாளடைவில் காகிதத்தை அரித்துவிடும்; ஆகையால் அடிக்கடி மடித்துப் பிரிக்காமல் விரித்தபடியே வைப்பது நலம். பத்திரிகைத் துண்டுகளைக் கடிதங்களோடு சேர்த்து வைத்தால் அவற்றின் பழுப்பு இவற்றுக்கும் ஏறும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பு போடுவது நமது பாட்டிமார் கண்ட வழி.

அத்தையின் தங்கை சொல்லச் சொல்ல, பேத்தி ஒருத்தி எல்லாவற்றையும் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டாள். உப்பை இறுக மூடிய கண்ணாடிச் சீசாவில் போட்டாகிவிட்டது. காட்சிசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்பது பேரன்மார் கட்சி. அன்று கூடைக்குக் கொண்டு போன அதே மருமகள், வீட்டை விட்டுப் போகக் கூடாது என்கிறாள். விவகாரம் இன்னும் தீரவில்லை. பெட்டி இப்பொழுது அவளுடைய அறையில் இருக்கிறது.